ஜாமீன் போட்ட பற்கள்

(நம் சங்கக் கூடத்தில் நடந்த மூத்த குடிமக்கள் பிரிவின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பல் மருத்துவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். இந்தத் தலைப்பில் பேச எனக்குள்ள தகுதி, ஆறு வருடமாக என் கீழ்த்தாடையில் குடியிருக்கும் ஒரு பல் செட்தான். அதைச் செய்வதற்கு முன் என் பல் மருத்துவர் பல தடவை உட்கார வைத்து விளக்கினார். நானும் வவுச்சரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பழகியவன் ஆயிற்றே, ஒவ்வொன்றுக்கும் "இது எதற்கு, அது எதற்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் புத்தகத்தையும் வாங்கிப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இன்று பேசப்போவது முழுப் பல் செட்டைப் பற்றி இல்லை. சில பற்கள் போய், சில பற்கள் மிச்சமிருக்கும்போது, நாமே கழற்றி நாமே மாட்டிக்கொள்கிற பகுதிப் பல் செட்டைப் பற்றி. நம் குடியிருப்பில் இதைப் போட்டிருப்பவர்கள் நிறையப் பேர். கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

பல் செட் என்றதும் நாம் பார்ப்பது அதிலுள்ள பொய்ப் பற்களை. நிறம் பொருந்துகிறதா, சிரித்தால் கம்பி தெரிகிறதா, விலை எவ்வளவு, இந்த மூன்றோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் செட் நிற்பது மிச்சமிருக்கும் சொந்தப் பற்களை நம்பித்தான். வங்கியில் கடன் கொடுக்கும்போது ஜாமீன் கேட்போம். கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டினால் ஜாமீன்காரருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவர் மூழ்கினால் ஜாமீன்காரரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். பகுதிப் பல் செட்டும் அப்படித்தான். பக்கத்திலுள்ள நல்ல பற்கள் அதற்கு ஜாமீன் போடுகின்றன. செட்டை நல்லபடி வடிவமைத்தால் அந்தப் பற்கள் பல வருடம் நிற்கும். ஏனோதானோ என்று வடிவமைத்தால் இரண்டு பல்லுக்காகப் போட்ட செட் நாலு பல்லைக் கொண்டுபோய்விடும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் காலியிடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த எட்வர்ட் கென்னடி என்ற பல் மருத்துவர் 1925இல் இதை நாலு வகையாகப் பிரித்தார். இன்றும் உலகம் முழுக்க அந்தக் கணக்குத்தான். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போய், பின்னால் பல்லே இல்லை என்றால் முதல் வகை. ஒரு பக்கம் மட்டும் அப்படி என்றால் இரண்டாம் வகை. ஒரு பக்கத்தில் நடுவில் காலி, அதற்கு முன்னாலும் பின்னாலும் பல் இருக்கிறது என்றால் மூன்றாம் வகை. முன்பற்கள் நடுக்கோட்டைத் தாண்டிச் சேர்ந்தாற்போலப் போயிருந்தால் நாலாம் வகை.

இந்தப் பிரிவினையால் நமக்கென்ன லாபம்? இருக்கிறது. மூன்றாம் வகை, இரண்டு கரையிலும் தூண் உள்ள பாலம் மாதிரி. மெல்லும் பாரத்தை இரண்டு பக்கப் பற்களும் தாங்கிக்கொள்ளும். முதல் இரண்டு வகை அப்படியில்லை. முன்னால் பல் உண்டு, பின்னால் வெறும் ஈறுதான். பல் எலும்பில் ஊன்றியது. அழுத்தினால் அசைவதே தெரியாது. ஈறு மெத்தை மாதிரி. பல்லைவிடப் பல மடங்கு அமுங்கும். ஒரு முனை கல்லின் மேல், மறு முனை மெத்தையின் மேல் என்று ஒரு பலகையைப் போட்டு அதில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மெத்தைப் பக்கம் இறங்கும், கல்லை நெம்பும். அந்தக் கல்தான் நம் ஜாமீன் பல். என்னுடையது முதல் வகை, இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு பாடம் நடந்தது.

இனி செட்டின் உறுப்புகளுக்கு வருவோம். என்னுடையது கோபால்ட் குரோமியம் உலோகத்தில் வார்த்த சட்டம். அதன் மேல் ரோஸ் நிற அக்ரிலிக், அதில் பற்கள். பிளாஸ்டர் மாதிரியையும் கொண்டு வந்திருக்கிறேன். கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில் உட்காரும் கால். மருத்துவர்கள் 'ரெஸ்ட்' என்பார்கள். ஜாமீன் பல்லின் மேற்பரப்பில் கரண்டி முனை மாதிரி ஒரு சிறிய குழி எடுத்து, அதில் இந்த உலோகக் கால் வந்து உட்காரும். பார்க்க ஒன்றுமில்லாத சமாச்சாரம். ஆனால் மொத்தச் செட்டிலும் முக்கியமானது இதுதான் என்பேன். நாம் மெல்லும்போது விழும் பாரத்தை இது பல்லின் நீளவாக்கில் நேராக வேருக்கு அனுப்புகிறது. பல் நேர்பாரத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால்தான் ஆடும். கால் இல்லாத செட் ஒவ்வொரு கவளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஈறுக்குள் இறங்கும். "நல்ல பல்லில் எதற்கு டாக்டர் குழி எடுக்கிறீர்கள்?" என்று நாம் தடுக்கிறோம். எனாமலுக்குள்ளேயே மேலோட்டமாகச் செதுக்குகிற குழி அது. அந்தப் பல்லைக் காப்பாற்றத்தான் எடுக்கிறார்.

இரண்டாவது, பிடிக்கும் கொக்கி. நாம் கம்பி என்றும் கிளிப் என்றும் சொல்வது. பல்லைக் கூர்ந்து பார்த்தால் நடுவில் பருத்து, ஈறுப் பக்கம் குறுகியிருக்கும். கொக்கியின் நுனி அந்தப் பருமனைத் தாண்டி, கீழேயுள்ள குறுகலில் போய் நிற்க வேண்டும். எவ்வளவு ஆழம்? வார்த்த கோபால்ட் குரோமியக் கொக்கிக்கு 0.25 மில்லிமீட்டர் போதும். வளைத்த கம்பி கொஞ்சம் நெகிழும் என்பதால் அதற்கு 0.5 மில்லிமீட்டர் வரை போகலாம். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் நீங்கள் பேசும்போது செட் விழாமல் பிடித்து வைத்திருக்கிறது.

இங்கே நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. செட் டைட்டாக இருந்தால் நல்ல செட் என்று நினைக்கிறோம். கொக்கி தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு பல்லை இறுக்கவே கூடாது, சும்மா தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். செட்டை இழுக்கும்போது மட்டும்தான் அதற்கு வேலை. எந்நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தால் அது பல்லை நகர்த்தத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, எதிர்க் கை. கொக்கி வெளிப்பக்கமிருந்து பல்லைத் தாண்டி இறங்கும்போது உட்பக்கம் நோக்கித் தள்ளும். அதைச் சமன் செய்ய உட்பக்கத்தில் ஒரு கையோ தகடோ தாங்கி நிற்க வேண்டும். வணிகவியல் படித்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு எழுத வேண்டும். வெளியில் கம்பி உண்டு, உள்ளே எதிர்ப்பிடிப்பு ஒன்றுமில்லை என்றால் அந்தக் கணக்கு டேலி ஆகாது. வித்தியாசத்தைப் பல் கட்டும்.

நாலாவது, முதன்மை இணைப்பு. வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் சேர்க்கும் உத்திரம். மேல்தாடையில் அண்ணத்தின் குறுக்கே பட்டையாக ஓடும். கீழ்த்தாடையில் நாக்குக்கு முன்னால், முன்பற்களின் பின்புறத்துக்குக் கீழே கம்பியாக ஓடும். இது கொஞ்சமும் வளையக் கூடாது. வளைந்தால் ஒரு பக்கம் விழுந்த பாரம் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். வளையாமல் நின்றால் எல்லாப் பற்களும் பங்கு போட்டுக்கொள்ளும்.

ஈறின் ஓரத்தை இது மூடாமல் இருப்பதும் முக்கியம். மேல்தாடையில் ஈறு ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டராவது தள்ளியும், கீழே 3 மில்லிமீட்டராவது தள்ளியும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கீழ்க் கம்பிக்கு 4 மில்லிமீட்டர் உயரமும் வேண்டும். இடம் போதாதவர்களுக்குத் தகடு வைப்பதும் உண்டு. ஈறு ஓரத்தை மூடி வைத்தால் அங்கே அழுக்கு சேரும், ஈறு வீங்கும், ஜாமீன்காரருக்கு அஸ்திவாரமே ஆடும்.

இந்த உத்திரத்திலிருந்து காலுக்கும் கொக்கிக்கும் போகும் சிறு இணைப்புகள் தனி. அவற்றை ஐந்தாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, மறைமுகப் பிடிப்பு. பேர் பயமுறுத்தும், விஷயம் எளிது. நம் சிறுவர் பூங்காவில் சீசா இருக்கிறது. என்னைப் போல் கடைவாயில் பல் இல்லாதவர் அல்வா சாப்பிட்டால், ஒட்டிக்கொண்ட அல்வா செட்டின் பின்பக்கத்தை மேலே இழுக்கும். இரண்டு ஜாமீன் பற்களையும் இணைக்கும் கோடு அச்சாகி, செட் சீசா மாதிரி ஆடப் பார்க்கும். அச்சுக்கு முன்னால், கூடிய வரை தள்ளி, இன்னொரு பல்லின் மேல் ஒரு காலை வைத்துவிட்டால் முன்பக்கம் இறங்க முடியாது. முன்பக்கம் இறங்காவிட்டால் பின்பக்கம் தூக்காது. என் செட்டில் கோரைப்பல்லுக்குப் பக்கத்திலுள்ள பல்லில் இரண்டு பக்கமும் அப்படி ஒவ்வொரு கால் உண்டு.

ஏழாவது, ஈறின் மேல் உட்காரும் அக்ரிலிக் அடித்தளமும் அதிலுள்ள பற்களும். பின்னால் பல் இல்லாதவர்களுக்கு அடித்தளம் அகலமாகவும் நீளமாகவும் இருக்கும். "இவ்வளவு பெரிசா எதுக்கு, கொஞ்சம் வெட்டிவிடுங்க" என்று கேட்கத் தோன்றும். அகலமான அஸ்திவாரம் பாரத்தைப் பரப்பும். வெட்டினால் அந்தப் பாரம் ஒரே இடத்தில் விழும். வலி எடுக்கும் இடத்தை மருத்துவர் பார்த்துத் தேய்த்துக் கொடுப்பது வேறு, நாம் அரத்தை எடுத்து உட்காருவது வேறு.

இத்தனை உறுப்புகளையும் எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்வது? இதுதான் வடிவமைப்பு. முறைப்படி என்றால் முதலில் அச்செடுத்து பிளாஸ்டர் மாதிரி செய்து, அதை சர்வேயர் என்ற சிறு கருவியில் வைப்பார்கள். நிலம் அளப்பவர் இல்லை, இது மேசை மேல் நிற்கும் கருவி. செங்குத்தான ஒரு கோல் ஒவ்வொரு பல்லையும் தொட்டுப் பார்த்து, எந்தப் பல்லில் எங்கே பருமன், எங்கே குறுகல், எந்தத் திசையில் இறக்கினால் செட் எல்லாப் பற்களிலும் தடையில்லாமல் இறங்கும் என்று காட்டும். பிறகு மருத்துவர் மாதிரியின் மேல் பென்சிலால் வரைவார். கால் இங்கே, கொக்கி அங்கே, உத்திரம் இப்படி என்று. அதன்படி வாயில் குழிகளைச் செதுக்கி, மறுபடி அச்செடுத்து, அதற்குப் பிறகுதான் லேபுக்குப் போகும்.

வரைபடமே இல்லாமல் அச்சை மட்டும் லேபுக்கு அனுப்பி, "பார்த்துச் செய்துவிடுங்கள்" என்பதும் நடக்கிறது. லேபில் உள்ளவர் கைத்திறன் மிக்கவராக இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருப்பது பிளாஸ்டர். பிளாஸ்டரில் எந்தப் பல்லும் ஆடாது, எந்த ஈறிலும் ரத்தம் வராது. எந்தப் பல் ஜாமீனுக்குத் தகுதி என்பது வாயைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தவருக்குத்தான் தெரியும்.

என் பெரியண்ணனுக்கு மேல்தாடையில் மூன்று பற்கள் போனபோது, வேறோர் ஊரில், அக்ரிலிக் தட்டில் இரண்டு கம்பி வளைத்த செட் ஒன்று போட்டார்கள். கால் கிடையாது. தட்டு ஈறு ஓரம் வரை மூடியிருந்தது. அந்த மாதிரி செட் பல் பிடுங்கிய புண் ஆறும் வரை, தற்காலிகமாகப் போட ஏற்றது. அண்ணனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ராத்திரி பகல் கழற்றாமல் வருடக்கணக்கில் போட்டிருந்தார். தட்டு மெல்ல இறங்கியது, ஈறு சிவந்து வீங்கியது, கம்பி மாட்டியிருந்த இரண்டு பற்களும் ஆட ஆரம்பித்தன. அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, ஈறு நோயும் இருந்தது. எல்லாப் பழியையும் தட்டின் மேல் போட முடியாது. ஆனாலும் மூன்று பல்லுக்கு ஆரம்பித்த கதை ஏழு பல்லில் போய் நின்றது. இப்போது இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் சாப்பிடுகிறார்.

அக்ரிலிக் செட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. செலவு குறைவு, நாளைக்கு இன்னொரு பல் போனாலும் சேர்ப்பது சுலபம். அதிலும் உலோகக் கால் வைக்கலாம், ஈறு ஓரத்தை விட்டுத் தள்ளிச் செய்யலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது நைலானில் வளையும் செட் என்று ஒன்று நிறையப் பேர் போடுகிறார்கள். கம்பி தெரியாது, அழகாக இருக்கும். ஆனால் உத்திரம் வளையக் கூடாது என்று சொன்னேன் அல்லவா? அதையும் உட்காரும் காலையும் நினைவில் வைத்துக்கொண்டு, "என் வாய்க்கு இது ஒத்துவருமா?" என்று கேளுங்கள். முன்னால் ஒன்றிரண்டு பல் போனவரின் வாயும் கடைவாய் முழுக்கப் போனவரின் வாயும் ஒன்றில்லை.

சிலர் அலுத்துப்போய், "மிச்சமிருக்கிற நாலு பல்லையும் பிடுங்கிவிட்டு முழுசா கட்டிக்கொள்கிறேன்" என்கிறார்கள். அவசரப்படாதீர்கள். கீழ்த்தாடை முழுச் செட், நாக்கும் கன்னமும் தள்ளத் தள்ள ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு கோரைப்பற்கள் உறுதியாக நின்றால்கூட பிடிப்புக்கும் ஆச்சு, தாடை எலும்பும் சீக்கிரம் கரையாது. ஜப்பானில் 1989 முதல் '8020' என்று ஓர் இயக்கம் நடத்துகிறார்கள். 80 வயதில் 20 சொந்தப் பல் இருக்க வேண்டும் என்பது பொருள். கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் மட்டும் போய், மற்றவை சரியாகக் கடிபட்டால், செட்டே தேவைப்படாமலும் போகலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஐந்து கேள்வியாக எழுதி வைத்திருக்கிறேன். எந்தெந்தப் பல்லை நம்பி இந்தச் செட் நிற்கப்போகிறது? அந்தப் பற்களின் வேரும் ஈறும் நன்றாக இருக்கின்றனவா? கால் எங்கே உட்காரும்? ஈறு ஓரத்தை எவ்வளவு மூடும்? நாளைக்கு இன்னொரு பல் போனால் இதிலேயே சேர்க்க முடியுமா? இந்த ஐந்துக்கும் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிற மருத்துவர் கிடைத்தால் விடாதீர்கள். தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்கள் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப் பல் பிரிவுக்குப் போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே.

செட் வந்த பிறகு நம் பங்கு. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறுக்கும் எட்டு மணி நேர ஓய்வு வேண்டும். மாட்டும்போது விரலால் அழுத்தி மாட்டுங்கள், கடித்து மாட்டாதீர்கள். கழற்றும்போது ஒரு பக்கக் கம்பியை மட்டும் நெம்பாதீர்கள். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது. கொதிக்கும் நீர் வேண்டாம், அக்ரிலிக் வளைந்துவிடும். உலோகச் செட்டை பிளீச்சிங் கலந்த நீரில் ஊறப் போட வேண்டாம், உலோகம் அரிக்கும். பல் பொடியும் பேஸ்டும் கீறல் போடும், சாதாரண சோப்பும் மென்மையான பிரஷும் போதும். செட்டைவிட முக்கியம், கம்பி தொடுகிற சொந்தப் பல்லைத் தேய்ப்பது. அங்கேதான் சொத்தை முதலில் விழும். தளர்ந்துபோனால் கொறடாவால் முறுக்க வேண்டாம், உடைந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். எலும்பு வருடா வருடம் கொஞ்சம் கரையும், செட் அப்படியே இருக்கும். இடையில் இடைவெளி வரும். பின்பக்கத்தை விரலால் அழுத்தும்போது முன்பக்கக் கால் குழியிலிருந்து எழும்பினால், அடித்தளத்துக்கு உள்பூச்சு போடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் மயக்க மருந்து தரும் டாக்டரிடம் "எனக்குப் பல் செட் இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். பிரிட்டனில் 72 வயதுக்காரர் ஒருவருக்கு வயிற்றில் சின்ன ஆபரேஷன். அப்போது தொண்டையில் சிக்கிய அவருடைய செட் எட்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2019இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. அதிலாவது உலோகத் தட்டு இருந்தது. வெறும் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியவே தெரியாது. உடைந்த செட்டையும் கம்பி போன செட்டையும் "பரவாயில்லை" என்று போட்டுக்கொண்டு தூங்காதீர்கள்.

என் பிளாஸ்டர் மாதிரி இப்போது எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியவில்லை. முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள். சுண்டல் தயாராகிவிட்டதாகச் செயலாளர் ஜாடை காட்டுகிறார். பல் செட் போட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இரண்டு பக்கமும் சமமாக மென்று சாப்பிடவும்.